மகன் வீட்டு டிஸ்போசலும் ஒரு புளியங்கொட்டையும்

மகன் வீட்டு சிங்க்குக்கு அடியில் சாப்பாட்டு மிச்சத்தை அரைத்துத் தள்ளும் டிஸ்போசல் மெஷின், அதில் பழையதற்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். அதை எடுத்துவிட்டுப் புதிதாக மாட்டியதற்கு நாலு. நடுவில் பழுது பார்க்க வந்த சர்வீஸ்காரருக்கு ஒன்று, அதுவும் வீட்டுக்குள் வரும்போது ஷூவுக்கு உறை போட்டுக்கொண்டு வந்ததற்காக.

நான் கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தவன். கிரைண்டர், மிக்ஸி, போர்வெல் மோட்டார் என்று பிரித்துக் கட்டியே தலை நரைத்தது. இப்போது டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் மகன் வீட்டில் இருக்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க வந்து ஆறு மாசம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற அப்பா அம்மாக்களும், புதிதாக வீடு வாங்கிய பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நாங்கள் வாங்கிய மெஷினின் கம்பெனிப் பெயர் சொல்லப் போவதில்லை. இந்தக் கதை எந்தக் கம்பெனி மெஷினுக்கும் பொருந்தும்.

பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சமையலறையில் பாத்திரம் கழுவும் சிங்க்கின் தண்ணீர் போகும் ஓட்டைக்கு நேர் கீழே, அலமாரிக்குள் ஒரு உருளை தொங்கும். ஓட்டையின் வாயில் கீறல் விட்ட ரப்பர் மூடி. சுவரில் லைட் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இதற்கும் ஒரு சுவிட்ச். மிச்சம் மீதியைத் தண்ணீரோடு உள்ளே தள்ளி சுவிட்சைப் போட்டால் அரைத்துச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்ற ஊரில் ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927-ல் இதைச் செய்து பார்த்தார். காப்புரிமை 1935-ல் கிடைத்தது, 1938-ல் கம்பெனி தொடங்கினார். அதுதான் இன்சிங்கரேட்டர். இந்த நாட்டுக்காரர்கள் எல்லாருமே இதை ஆசையாக ஏற்றுக்கொண்டார்கள் என்றும் இல்லை. நியூயார்க் நகரத்தில் பழைய சாக்கடைக் குழாய்கள் தாங்காது என்று பெரும்பகுதியில் தடை போட்டிருந்தார்கள், 1997-ல்தான் எடுத்தார்கள்.

எங்கள் ஊரில் காய்த்தோலும் கழுநீரும் மாட்டுக்குப் போகும். இங்கே மாடு இல்லை, அதனால் மோட்டார்.

மருமகளும் இதற்குள் மிக்ஸி பிளேடு மாதிரி ஏதோ சுழல்கிறது என்றுதான் நினைத்திருந்தாள். பிளேடே கிடையாது. உள்ளே ஒரு வட்டத் தட்டு, அதன் மேல் ஆணியில் தளர்வாக ஆடும் இரண்டு இரும்புத் துண்டுகள். தட்டு சுழலும்போது விழுந்ததெல்லாம் ஓரத்துக்கு வீசப்படும். ஓரத்தில் பல் வெட்டிய ஒரு வளையம் அசையாமல் நிற்கும். இரும்புத் துண்டு தள்ளத் தள்ள அந்தப் பல்லில் உரசி உரசித் தேய்ந்து, பொடியாகித் தண்ணீரோடு இறங்கும். வெட்டுகிற வேலை இங்கே இல்லை, வீசுகிற வேலையும் தேய்க்கிற வேலையும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எது போடலாம், எது கூடாது, எங்கே மாட்டும், எப்படி எடுப்பது என்று பாதி கேள்விக்குத் தானாகவே பதில் வந்துவிடும். நார் தேயாது, சுற்றிக்கொள்ளும். கொட்டை தேயாது, இடுக்கில் ஆப்பு அடித்துவிடும். மாவு தேய வேண்டியதே இல்லை, நேராகப் போய்க் குழாயின் வளைவில் உட்கார்ந்துகொள்ளும்.

வீடு கட்டியவர்கள் போட்டுவிட்டுப் போனது அரைக் குதிரைத்திறன் மெஷின். கணக்குப் பார்த்தால் 373 வாட். நம் வீட்டு இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டரில் பெரும்பாலும் 150 வாட் மோட்டார்தான், அதனால் 373 என்பது கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால் கிரைண்டரில் பெல்ட்டோ கியரோ வைத்து வேகத்தைக் குறைத்து இழுவையை ஏற்றுகிறோம். இதில் அது கிடையாது, மோட்டார் தண்டிலேயே தட்டு நேராக உட்கார்ந்திருக்கிறது. நாலு துருவ (போல்) இன்டக்‌ஷன் மோட்டார். இங்கே மின்சாரம் வினாடிக்கு 60 சைக்கிள் என்பதால் நிமிஷத்துக்கு 1,800 சுற்று வர வேண்டும், வழுக்கல், அதாவது மோட்டார் கொஞ்சம் பின்தங்குவது, போக 1,725. நம் ஊரில் இதே மோட்டார் 50 சைக்கிளில் 1,440 பக்கம் ஓடும். ஓடும்போது குறையில்லை. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதுதான் இதற்கு இழுவை பத்தாது. ஏதாவது இடுக்கில் மாட்டிய நிலையில் சுவிட்சைப் போட்டால் திமிறிக்கொண்டு கிளம்பத் தெரியாது, உம்மென்று நின்றுவிடும்.

அப்படித்தான் நின்றது. சாயங்காலம் மருமகள் சுவிட்சைப் போட, "உம்ம்ம்" என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. சுவிட்சை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள்.

"மாமா, இது செத்துப் போச்சுங்க" என்றாள்.

"அம்மிணி, முனகுன மோட்டார் சாகாது. சும்மா இரு, காலைல பாக்கலாம்" என்றேன்.

ஆனால் மகன் அதற்குள் போனில் ஒரு சர்வீஸ் கம்பெனியைப் பிடித்துவிட்டான். அப்பா சிங்க்குக்கு அடியில் மல்லாக்கப் படுத்து வேலை பார்ப்பதில் அவனுக்குச் சம்மதமில்லை. "உங்களுக்கு முதுகு வலிக்கும்ப்பா" என்றான். பட்டறையில் முப்பது வருஷம் குனிந்த முதுகு அவனுக்குத் தெரியாததா. சரி என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வந்தவர் மரியாதையான ஆள்தான். சுவிட்சைத் தட்டினார், சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை தட்டினார். டார்ச் அடித்து மேலிருந்து எட்டிப் பார்த்தார். மோட்டார் போய்விட்டது, மெஷின் பழசு, மாற்றினால் ஆள்கூலியோடு நானூற்றைம்பது டாலர் ஆகும் என்றார். அடிப்பாகத்தை அவர் தொடவே இல்லை. மகன் யோசித்துச் சொல்கிறேன் என்றதும், வந்து பார்த்ததற்கு மட்டும் தொண்ணூறு டாலர் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போனதும் படுத்தேன். முதல் வேலை, அலமாரிக்குள் இருக்கும் பிளக்கைப் பிடுங்கியதுதான். சுவர் சுவிட்சை அணைத்திருக்கிறோமே என்று நம்பாதீர்கள். அது லைட் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வீட்டில் பேத்தி ஓடிக்கொண்டிருக்கிறாள், யாராவது லைட் போடுகிறேன் என்று இதைப் போட்டுவிடலாம். பிளக் இல்லாமல் நேராக ஒயர் கொடுத்திருந்தால் கராஜில் இருக்கும் மின்சாரப் பெட்டியில் பிரேக்கரை இறக்குங்கள். அதன் பிறகும் கையை உள்ளே விட வேண்டாம். இடுக்கி இருக்கிறது, எதற்குக் கை?

மெஷினின் அடித்தட்டில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். நம் மிக்ஸிக்கு அடியில் இருக்கிற அதே ஓவர்லோடு பொத்தான்தான். மோட்டார் சுற்ற முடியாமல் கரண்டை இழுத்துச் சூடானால் அது வெளியே துள்ளி இணைப்பைத் துண்டித்துவிடும். சத்தமே வராமல் போனதற்குக் காரணம் அதுதான், மோட்டார் எரியாமல் காப்பாற்றியதும் அதுதான். ஆனால் மாட்டியதை எடுக்காமல் பொத்தானை மட்டும் அழுத்தினால் மறுபடி முனகும், மறுபடி துள்ளும். அதையே நாலைந்து தடவை செய்தால் உண்மையிலேயே காயில், அதாவது மோட்டாரின் செம்புக் கம்பிச் சுற்று, கருகிப் போகும். என் பட்டறைக்கு வந்த மிக்ஸிகளில் பாதி அப்படிக் கருகியவைதான்.

அதே அடித்தட்டின் நட்டநடுவில் ஒரு அறுகோண ஓட்டை இருக்கும். அதுதான் மோட்டார் தண்டின் முனை. அதில் ஆலன் கீயை, அதாவது வளைந்த அறுகோணக் கம்பிச் சாவியை, விட்டு இரண்டு பக்கமும் ஆட்டினால் மேலே தட்டு சுற்றும், மாட்டியது விடும். அளவு கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த செட்டில் 6 மில்லிமீட்டர்தான் இருக்கும். அது உள்ளே போகும், பொருந்தியது போலவே தெரியும், பலம் கொடுத்தால் வழுக்கி ஓட்டையின் முனையைத் தின்றுவிடும். கால் அங்குலக் கீ எந்த ஹார்டுவேர் கடையிலும் சில டாலருக்குள் கிடைக்கும். புது மெஷின் வாங்கினால் பெட்டியிலேயே இரண்டு பக்கமும் வளைந்த ஒரு கீ பெரும்பாலும் இருக்கும். அட்டைப் பெட்டியோடு அதையும் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். மகன் வீட்டிலும் அப்படித்தான் போயிருக்கிறது, பக்கத்துத் தெலுங்குக்காரர் வீட்டில் கேட்டு வாங்கி வந்தோம்.

வலப்பக்கம் அசையவில்லை. இடப்பக்கம் கொஞ்சம் இசைந்தது. பெரிய பலம் வேண்டாம், முன்னும் பின்னுமாக ஆட்டுவதுதான் முக்கியம். ஒரு "டக்" கேட்டது, பிறகு தண்டு வழுவழுவென்று முழுச் சுற்றும் சுற்றியது. மேலே வந்து டார்ச் அடித்து இடுக்கியால் எடுத்தேன். முருங்கைக்காய்ச் சக்கை ஒரு திரியாக முறுக்கிக் கிடந்தது, அதற்கு நடுவில் ஒரு புளியங்கொட்டை. கொட்டை எடுத்த புளி என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்தாலும் ஒன்றிரண்டு இல்லாமல் வருமா? தட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. நம் ஊரில் தாயம் ஆடும் கொட்டையின் விலை இங்கே நானூற்றைம்பது டாலர்.

பிளக்கை மாட்டி, சிவப்புப் பொத்தானை அழுத்தி, குழாயைத் திறந்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். ஓடியது. பொத்தான் உள்ளே நிற்காமல் திரும்பத் துள்ளினால் மோட்டார் இன்னும் சூடாக இருக்கிறது என்று அர்த்தம், பத்து நிமிஷம் ஆற விட்டு மறுபடி அழுத்துங்கள்.

சில மாடல்களில் அடியில் இந்த ஓட்டை இருக்காது. அதற்கு மேலிருந்து விளக்குமாற்றுக் கட்டையை விட்டு, தட்டில் இருக்கும் இரும்புத் துண்டில் சாய்த்து முட்டுக் கொடுத்துத் திருப்ப வேண்டும். மரக்கட்டைதான், கம்பி வேண்டாம்.

இனி சத்தத்தை வைத்து நோய் சொல்லும் கதை. வைண்டிங் தொழிலில் இதுதான் முதல் பாடம். சுவிட்சைப் போட்டால் எந்தச் சத்தமும் இல்லை என்றால் கரண்ட் வரவில்லை. பிளக், சிவப்புப் பொத்தான், பிரேக்கர் மூன்றையும் பாருங்கள். இந்த ஊர்ச் சமையலறைகளில் பிளக் பாயின்ட்டிலேயே டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு குட்டிப் பொத்தான்கள் இருக்கும், ஈரம் பட்டால் அது விழுந்துவிடும், அதையும் பாருங்கள். முனகல் இருக்கிறது, சுற்றவில்லை என்றால் மாட்டியிருக்கிறது, இரண்டு மூன்று வினாடிக்கு மேல் விடாமல் அணைத்துவிட்டு ஆலன் கீயை எடுங்கள். கீயால் லேசாகச் சுற்றுகிறது, ஆனால் சுவிட்சைப் போட்டால் முனகல் மட்டும்தான் என்றால் மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் பக்கம் போய்விட்டது. ஊரில் என்றால் அரை நாள் வேலை. இங்கே பிரித்துக் கட்ட ஆளும் இல்லை, பாகமும் தனியாக விற்பதில்லை, மெஷினையே மாற்ற வேண்டியதுதான். கடகடவென்று உலோகச் சத்தம் வந்தால் அநேகமாக ஸ்பூன். நன்றாக ஓடுகிறது, ஆனால் தண்ணீர் இறங்காமல் சிங்க்கின் பக்கத்துத் தொட்டியில் எழும்புகிறது என்றால் மெஷின் மேல் குற்றமே இல்லை. கீழே வளைந்த குழாயில் அடைப்பு. அடியில் ஒரு வாளி வைத்து, இரண்டு பக்க நட்டையும் கையாலேயே கழற்றி வளைவைக் கொட்டிக் கழுவுங்கள். பிளாஸ்டிக் நட்டுதான், பெரும்பாலும் ஸ்பேனர் கூட வேண்டாம். கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் ஆசிட், காஸ்டிக் எதையும் இதில் ஊற்றாதீர்கள். ரப்பரையும், தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீல் வளையத்தையும் தின்னும், பிறகு குழாயைக் கழற்றுகிறவர் முகத்தில் தெறிக்கும்.

அந்தப் பழைய மெஷின் அதன் பிறகு கொஞ்ச காலம் ஓடிவிட்டு உண்மையிலேயே செத்தது. எதுவும் மாட்டிக்கொள்ளவில்லை, அடியிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. எங்கிருந்து சொட்டுகிறது என்பதுதான் கேள்வி. மேலே சிங்க்கோடு சேரும் இடத்தில் சொட்டினால் இடுக்கை அடைக்கும் புட்டிப் பசை காய்ந்திருக்கும், கழற்றிப் புதிதாக வைத்து இறுக்கலாம். பக்கவாட்டில் குழாய் சேரும் இடத்தில் என்றால் கேஸ்கெட் என்ற ரப்பர் வளையம், அதுவும் சில்லறை வேலை. நட்டநடு அடியில், சிவப்புப் பொத்தான் பக்கத்திலிருந்து சொட்டினால் உள்ளே தண்டைச் சுற்றியிருக்கும் சீல் போய்விட்டது, தண்ணீர் மோட்டாருக்குள்ளேயே இறங்குகிறது. அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

கழற்றியதை மகன் குப்பையில் போடப் போனான். விடுவேனா. கராஜில் பேப்பர் விரித்துப் பிரித்துப் பார்த்தேன். மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். தட்டும் வளையமும் துத்தநாகம் பூசிய இரும்பு. பூச்சு போன இடமெல்லாம் துரு அரித்துக் குழி விழுந்திருந்தது. ஆணியில் தளர்வாக ஆட வேண்டிய இரும்புத் துண்டு ஒன்று துருப்பிடித்து அசையாமல் நின்றுவிட்டது. அப்படி நின்றால் கனமான பொருள் வந்து மோதும்போது ஒதுங்கிக் கொடுக்க முடியாது, ஆப்பு அடிப்பது இன்னும் சுலபம். சீலின் உதடு தேய்ந்து, மேல் பேரிங்கில் கிரீஸுக்குப் பதில் சேறு. காயில் மட்டும் புதுசு போல மின்னியது. செம்புக் கம்பியில் ஒரு சுற்று கூடக் கருகவில்லை. "மோட்டார் போய்விட்டது" என்று தொண்ணூறு டாலர் வாங்கிக்கொண்டு போனாரே, அந்த மோட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை விட, ஒரு சீலும் ஒரு பேரிங்கும் மாற்றக் கிடைக்காததால் நல்ல காயிலைக் குப்பைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறதே என்ற கோபம்தான் அதிகம். உடம்பு உறையை மடித்து அமுக்கி மூடியிருக்கிறார்கள், திறந்தால் திரும்ப மூட வழியில்லை. பழைய மெஷினுக்கு இரண்டு மதிப்பெண் என்றது இதற்காகத்தான். மோட்டார் முதல் தரம், அதைச் சுற்றிக் கட்டியது மலிவு.

அடுத்து என்ன வாங்குவது என்று வீட்டில் பெரிய விவாதம். சந்தையில் இரண்டு ஜாதி. ஒன்று நான் சொன்ன இன்டக்‌ஷன், கனமாக இருக்கும், சத்தம் குறைவு. இன்னொன்று நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார். எடை குறைவு, விலையும் குறைவு, 2,600 சுற்றுக்கு மேல் போகும், எடுத்த எடுப்பிலேயே வேகம் பிடிப்பதால் சட்டென்று மாட்டாது. மகனுக்கு அந்த வேகக் கணக்குப் பிடித்துவிட்டது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் கார்பன் பிரஷ் உண்டு, தேயும். கூச்சலும் அதிகம், பேத்தி தூங்கும் நேரத்தில் போட முடியாது. முக்கால் குதிரைத்திறன் இன்டக்‌ஷன், உள்ளே தட்டு, வளையம், இரும்புத் துண்டு மூன்றும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பார்த்து வாங்கினோம். இருநூறு டாலரைக் கொஞ்சம் தாண்டியது. ஒரு குதிரைத்திறனும் கிடைக்கிறது, நாலு பேர் சமைக்கும் வீட்டுக்கு அது தேவையில்லாத பகட்டு. குதிரைத்திறனுக்குப் பணம் கொடுப்பதை விட ஸ்டெயின்லெஸ்ஸுக்குக் கொடுங்கள்.

அதே கம்பெனி மெஷினாக வாங்கினால் சிங்க்கில் ஏற்கெனவே இருக்கும் வளையத்திலேயே பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும், புட்டி வேலை மிச்சம். இந்த முறை வேறு ஒரு பழுதுவேலைக்காரரைக் கூப்பிட்டான் மகன். மெஷின் கனம் அதிகம், ஒரு கையால் தூக்கிப் பிடித்து மறு கையால் வளையத்தைத் திருப்ப வேண்டும் என்பதால் அதற்கு நானும் ஒன்றும் சொல்லவில்லை. மாட்டினார், ஓட்டிக் காட்டினார், போனார். ராத்திரி டிஷ்வாஷர், அதாவது பாத்திரம் கழுவும் மெஷின், போட்டால் அடியில் அழுக்குத் தண்ணீர் அப்படியே தேங்கி நிற்கிறது. மருமகள் டிஷ்வாஷரும் போச்சு என்று தலையில் கை வைத்துவிட்டாள்.

இதை மட்டும் எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். டிஷ்வாஷரின் கழிவுத் தண்ணீர்க் குழாய் இந்த டிஸ்போசல் மெஷினின் பக்கவாட்டில்தான் வந்து சேரும். புது மெஷினில் அந்த வாயை உள்ளே ஒரு பிளாஸ்டிக் அடைப்பு வைத்து மூடியே விற்கிறார்கள், டிஷ்வாஷர் இல்லாத வீடுகளுக்காக. டிஷ்வாஷர் இருந்தால் மாட்டுவதற்கு முன்பே ஸ்குரூடிரைவர் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி அதை உடைத்துவிட வேண்டும். மாட்டியவர் அதைச் செய்யாமலே குழாயைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். குழாயைக் கழற்றித் தட்டினேன், உடைந்த வில்லை உள்ளே விழுந்தது, இடுக்கியால் எடுத்தேன். எடுக்காமல் விட்டிருந்தால் அதுவே அடுத்த புளியங்கொட்டை. இந்த ஆளுக்கு மதிப்பெண் போடவில்லை. போன் செய்து சொன்னதும் மன்னிப்புக் கேட்டு முப்பது டாலர் திருப்பி அனுப்பினார், அதோடு விட்டுவிடலாம்.

இப்போது நம் சமையலுக்கு வருகிறேன். கையேட்டில் செலரி என்ற நார்த்தண்டுக் கீரை போடாதே, சோளத்தோகை போடாதே என்று எழுதியிருக்கிறது. நம் வீட்டில் செலரி யார் வாங்குகிறார்கள்? அதனால் நம் ஆட்கள் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நமக்கில்லை என்று மூடிவிடுகிறார்கள். செலரி இருக்கும் இடத்தில் முருங்கைக்காய்ச் சக்கை என்று படியுங்கள். வாழைப்பூவின் நரம்பு, வாழைக்காய்த் தோல், வெங்காயச் சருகு, கறிவேப்பிலைக் காம்பு, கொத்தமல்லித் தண்டு, தேங்காய் நார், பிழிந்த புளிச்சக்கை, இஞ்சியின் நார் எல்லாம் அந்த வகைதான். மாங்கொட்டை, மட்டன் எலும்பு பற்றிச் சொல்லவே வேண்டாம். சோறு ஒரு கைப்பிடி நிறையத் தண்ணீரோடு போகலாம், குக்கரில் மீந்ததைக் கவிழ்த்தால் குழாயின் வளைவில் பசையாகப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் விட மோசம் இட்லி மாவு. கிரைண்டரும் மாவுப் பாத்திரமும் கழுவிய தண்ணீர் தினமும் இந்த வழியாகத்தான் போகிறது. உளுந்து ஒட்டும் என்று நமக்குத் தெரியாதா, வளைவுக்குள் ஒட்டிக்கொண்டு அங்கேயே புளிக்கும். மாவுப் பாத்திரத்தை முதலில் கரண்டியால் வழித்துத் தோசையாக்கிவிட்டு, கழுவும் தண்ணீரை இன்னொரு தொட்டியில் நிறையத் தண்ணீர் விட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நெய், வறுத்த எண்ணெய் எதுவும் எந்தத் தொட்டியிலும் கூடாது, பழைய டப்பாவில் ஊற்றிக் குப்பையில் போட வேண்டும்.

அப்புறம் எதற்குத்தான் இந்த மெஷின் என்று கேட்டாள் மருமகள். நியாயமான கேள்வி. சாம்பாரில் மீந்த காய், ரசத்தின் தக்காளித் தோல், பேத்தி தட்டில் விட்ட தயிர் சாதம், ஊசிப்போன சட்னி. இதற்குத்தான். தட்டில் ஒட்டியிருப்பதைக் கழுவும்போது ஓட்டையில் கை விட்டு வழிக்க வேண்டியதில்லை, வெயில் காலத்தில் குப்பைப் பை நாறுவதில்லை. அவ்வளவுதான் இதன் உபயோகம். அந்த அளவுக்கு நன்றாகவே செய்கிறது.

தண்ணீர் எப்போதும் குளிர்ந்ததாக இருக்கட்டும். வெந்நீர் விட்டால் கொழுப்பு உருகிப் போய் எங்கோ தூரத்தில் குழாயில் உறையும், அங்கே ஆலன் கீ எட்டாது. முதலில் குழாயைத் திற, பிறகு சுவிட்ச், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, சத்தம் தெளிந்த பிறகும் கால் நிமிஷம் தண்ணீர் ஓடட்டும். இந்த வரிசையைக் காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

நாற்றம் வந்தால் எல்லாரும் எலுமிச்சைத் தோலைப் போடச் சொல்கிறார்கள். மணக்கும், நாற்றத்தின் காரணம் போகாது. காரணம் அந்த ரப்பர் மூடியின் அடிப்பக்கம். மேலே பளிச்சென்று இருக்கும், புரட்டிப் பார்த்தால் கருப்பாகக் கொழகொழவென்று இருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் சோப்பும் போதும். சில மாடல்களில் மூடியைத் தனியாகவே இழுத்து எடுத்துவிடலாம். எங்கள் மூடி மஞ்சள் நிறத்துக்கு மாறிவிட்டது, மஞ்சள்தூள் கறை, அது போகாது, போகவும் வேண்டாம். ஐஸ் கட்டியும் கல்லுப்பும் போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்கிறார்கள். இல்லாத பிளேடு எப்படிக் கூராகும்? ஆனால் சுவரில் ஒட்டிய பிசுக்கைச் சுரண்டி எடுக்கிறது, அதற்காகச் செய்யலாம். அதை விட நல்லது, தொட்டியை அடைத்து முக்கால்வாசித் தண்ணீர் நிரப்பி, அடைப்பை எடுத்த கையோடு மெஷினை ஓட்டிவிடுவது. மொத்தத் தண்ணீரும் ஒரே வேகத்தில் இறங்கிக் குழாயையும் சேர்த்துக் கழுவிவிடும்.

வாடகை அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் இதில் எதுவும் செய்ய வேண்டாம், ஆபீசில் ஒரு வார்த்தை சொன்னால் பராமரிப்பு ஆள் வந்து பார்ப்பார், பெரும்பாலும் செலவு அவர்களுடையது. சொந்த வீட்டுக்காரர்கள் சர்வீசுக்குப் போன் செய்வதற்கு முன்னால் சிவப்புப் பொத்தானையும் ஆலன் கீயையும் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

புதியதற்கு முழு ஐந்து கொடுக்காமல் நாலோடு நிறுத்தியதற்குக் காரணம் கேட்பீர்கள். இருநூறு டாலருக்கு மேல் வாங்குகிறார்கள், பெட்டியைத் திறந்தால் பிளக்கோடு சேர்ந்த ஒயர் இல்லை. அது தனி விலை, தனிப் பெட்டி. நிறைய மாடல்களில் இப்படித்தான். கடைக்குப் போகும்போதே பெட்டியின் ஓரத்தில் எழுதியிருப்பதைப் படித்து, ஒயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வாருங்கள். நாங்கள் அதற்கென்று இன்னொரு முறை கார் எடுத்தோம்.